கடல்மல்லைக் குன்று: வடசென்னையிலிருந்து ஒரு காலை நடை

வடசென்னையில் கடலைத் தரையில் நின்றுதான் பார்க்க முடியும். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் சாலை, அதை ஒட்டிக் கொட்டிய கருங்கல், அதற்கப்பால் தண்ணீர், அவ்வளவுதான். மேடு என்று ஒன்று கிடையாது. 1876-ல் துறைமுகச் சுவர் வேலை தொடங்கிய பிறகு, தெற்கிலிருந்து அலை தள்ளிக்கொண்டு வரும் மணல் சுவரில் தட்டி நின்றுவிட்டது. அதனால் தெற்கே மெரினா அகலமானது. வடக்கே நம் பக்கம் கரை கரைந்தது. கரைவதைத் தடுக்க லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிய பாறைதான் திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த மலை.

கடலை உயரத்திலிருந்து பார்ப்பதில் அழகு மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. கரை மணலில் நிற்கும் ஆளுக்குத் தொடுவானம் சுமார் நாலரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 25 மீட்டர் ஏறினால் 18 கிலோமீட்டர் தெரியும். காசிமேட்டில் நின்று பார்த்தால் தூரத்துக் கப்பலின் மேல்தட்டு தெரியும், அடிவயிறு தெரியாது. பத்து மாடி உயரம்கூட வேண்டாம், ஒரு சின்னக் குன்று போதும், கடல் நாலு மடங்கு நீளும். மாமல்லபுரத்துக் குன்று அப்படிப்பட்டது. கடல்மல்லை என்பது அந்த ஊரின் பழைய பெயர். திருவொற்றியூரிலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 70 கிலோமீட்டர்.

அந்த ஊருக்குப் போகாத சென்னைக்காரர் அநேகமாக இருக்க மாட்டார். பள்ளிச் சுற்றுலாவிலாவது போயிருப்பார். ஆனால் அந்தச் சுற்றுலாவின் வரிசை மாறாது: வெண்ணெய் உருண்டையைக் கையால் தாங்குவது போல ஒரு படம், அர்ச்சுனன் தபசுக்கு எதிரே கும்பலாக ஒரு படம், கடற்கரைக் கோயில், மணி ஒன்றாகிவிட்டது, வண்டியில் ஏறு. நடுவில் இருக்கும் குன்றின் மேல் ஏறியவர்கள் குறைவு. ஏறியவர்களிலும் அதை ஒரு பழைய வேலைக்களமாகப் பார்த்தவர்கள் இன்னும் குறைவு. உளி போட்ட இடமும், ஆப்பு வைத்த இடமும், பாதியில் விட்ட இடமும் அப்படியே கிடக்கின்றன. முடித்த சிற்பம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் முடியாத சிற்பம்தான் பதில் சொல்லும்.

போகிற வழியை முதலில் பார்த்துவிடலாம். சொந்த வண்டி இல்லாதவர்களுக்குச் செலவு குறைந்த வழி ரயில்தான். எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, இராயபுரம் என்று எந்த நிலையத்தில் ஏறினாலும் கடற்கரை நிலையம் போகும் வண்டியா என்று பார்த்து ஏறுங்கள். கொருக்குப்பேட்டை தாண்டியதும் சில வண்டிகள் சென்ட்ரல் பக்கம் திரும்பிவிடும். கடற்கரையில் இறங்கி வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலில் மாறி, திருவான்மியூரில் இறங்க வேண்டும். ரயில் நிலையம் ராஜீவ் காந்தி சாலைப் பக்கம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தைப் பிடிக்க ஷேர் ஆட்டோவிலோ நடந்தோ கிழக்கே வர வேண்டும். அங்கிருந்து 45 கிலோமீட்டர் போல. பேருந்தில் ஏறும்போதே “மாமல்லபுரம் ஊருக்குள்ள போகுமா?” என்று நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். புதுச்சேரி போகும் வண்டிகள் பல ஊருக்குள் நுழையாமல் புறவழிச்சாலையில் பூஞ்சேரி கூட்டுரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஊருக்குள் வர ஆட்டோவுக்கு அவர்கள் கேட்கும் விலை, காலையில் மிச்சம் பிடித்த ரயில் கட்டணத்தை எல்லாம் சாப்பிட்டுவிடும்.

மெட்ரோவும் இருக்கிறது. 2021-ல் விம்கோ நகர் வரை நீட்டிய பிறகு, தண்டையார்பேட்டையிலோ தேரடியிலோ ஏறிக் கிண்டியில் இறங்கிப் பேருந்து பிடிக்கிறவர்கள் உண்டு. குளிர்ச்சியாகப் போகலாம், ஆனால் மாமல்லபுரத்துக்கு அது சுற்று. இரண்டு சக்கர வண்டியில் போகிறவர்கள் அதிகாலை நாலே முக்காலுக்குள் கிளம்பிவிட வேண்டும். தூக்கம் கெடும் என்று யோசிக்காதீர்கள். எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டுவதற்கு முன் இராயபுரத்தைத் தாண்டிவிட்டால், மிச்சப் பயணம் பாதி நேரம்தான்.

சீக்கிரம் போகச் சொல்வதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை. குன்றில் எது எந்தத் திசை பார்த்திருக்கிறது என்பதை வைத்தே நடையின் வரிசையைப் போட வேண்டும். அர்ச்சுனன் தபசு, கிருஷ்ண மண்டபம், மகிஷாசுரமர்த்தினி குகை மூன்றும் கிழக்கு பார்த்தவை. வராக மண்டபமும் மும்மூர்த்தி குகையும் மேற்கு பார்த்தவை. கிழக்கு பார்த்ததைக் காலையில் பார்க்க வேண்டும், அது சரி. ஆனால் ஆறரை மணிக்கு அர்ச்சுனன் தபசுக்கு எதிரே போய் நின்றால் ஏமாற்றம்தான். எதிரே கிளம்பும் சூரியன் பாறையில் நேராக அடிக்கும், நிழலே விழாது, நூற்றுக்கு மேற்பட்ட உருவங்களும் சுவரில் வரைந்த கோலம் போலத் தட்டையாகிவிடும். வெயில் தலைக்கு மேல் ஏறி மேலிருந்து சரியும் ஒன்பதரை, பத்து மணிவாக்கில்தான் ஒவ்வொரு தோளுக்குக் கீழும் ஒவ்வொரு தும்பிக்கைக்குக் கீழும் நிழல் விழுந்து உருவம் எழுந்து நிற்கும். ஆகவே ஊரே முதலில் பார்க்கும் அதை நீங்கள் கடைசியில் பாருங்கள். முதலில் குன்றின் மேல் ஏறிவிடுங்கள்.

தொல்லியல் துறையின் கதவு காலை ஆறு மணிக்குத் திறக்கும், மாலை ஆறுக்கு மூடும். வெண்ணெய் உருண்டை இருக்கும் பகுதிக்கு முன்பெல்லாம் சும்மா போகலாம். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அங்கே சந்தித்த பிறகு டிக்கெட் வந்துவிட்டது. இந்தியர்களுக்கு 40 ரூபாய், இணையத்தில் எடுத்தால் சற்றுக் குறைவு, 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். அதே டிக்கெட்டை அன்றைக்கே ஐந்து ரதத்திலும் கடற்கரைக் கோயிலிலும் காட்டலாம் என்பதால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். காகிதமாக இல்லாமல் போனில் கியூஆர் கோடாக எடுத்தவர்கள் அதைப் படமாகச் சேமித்து வைப்பது நல்லது. கூட்ட நாளில் நெட் இழுக்காது.

வடக்கு முனையிலிருந்து ஏறுங்கள். உருண்டைக்கல் சரிவின் மேல் நிற்கிறது. உயரம் சுமார் 6 மீட்டர், எடை 250 டன் என்று சொல்வார்கள். ஆளுநர் லாலி 1908-ல் ஏழு யானை கட்டி இழுத்துப் பார்த்தார் என்ற கதையை எந்த வழிகாட்டியும் விட மாட்டார். கதை இருக்கட்டும், பாறையின் பின்பக்கம் சுற்றிப் போய்ப் பாருங்கள். முன்னாலிருந்து உருண்டையாகத் தெரிவது பின்னால் பாளமாக உடைந்திருக்கும். இந்த ஊர்ப் பாறை வெங்காயம் உரிவது போல மேல்தோல் கழன்று கழன்றுதான் உருண்டையாகிறது. பகலில் சூடேறி விரிந்து, இரவில் ஆறிச் சுருங்கி, மழைத்தண்ணீர் இடுக்கில் இறங்கி, ஓரம் மழுங்கிக்கொண்டே வரும். குன்றில் நடக்கும்போது காலடியில் பாளம் பாளமாகப் பிரிந்து கிடப்பதெல்லாம் அந்தத் தோல்தான். அதன் மேல் மிதித்தால் சில இடத்தில் ‘டொக்’ என்று உள்ளே வெற்றிடம் இருப்பது போலச் சத்தம் கேட்கும். கல்தச்சர்கள் கல்லைத் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். மணி போலக் கணீரென்றால் முழுக்கல். மண்பானை போலச் செத்த சத்தம் வந்தால் உள்ளே விரிசல். குன்றின் மேல் சின்னக் கூழாங்கல் ஒன்றால் பாளத்தை லேசாகத் தட்டினால் நீங்களே கேட்கலாம். சிற்பம் உள்ள பாறையைத் தொடாதீர்கள், சும்மா கிடக்கும் பாளம் போதும்.

உருண்டைக்கல் சரிவில் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கி ஒரு தடம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருக்கிறது. ரப்பர் செருப்போடு அதில் கால் வைக்கக் கூடாது. பின்புறம் அடிபட்டு எழுந்து, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நிறைய.

கொஞ்சம் வடக்கே தள்ளி மும்மூர்த்தி குகை; மூன்று கருவறை, மேற்கு பார்த்தது. பக்கத்திலேயே பாறையில் வட்டமாகக் குடைந்த தொட்டி ஒன்று. கோபியர் தயிர்ச்சட்டி என்பார்கள். பிறகு திரும்பித் தெற்கே வந்தால் கணேச ரதம். ஒற்றைப் பாறையில் செதுக்கியது; முதலில் சிவனுக்காகச் செய்தது, பிள்ளையார் பின்னால் வந்தவர். இதைச் சீக்கிரம் கடந்துவிடலாம், கம்பிக்கு வெளியிலிருந்து பார்த்தாலே போதும். வராக மண்டபத்துக்கு நேரம் கொடுங்கள். மேற்கு பார்த்தது என்பதால் காலையில் உள்ளே நிழல்தான். ஆனால் நிழலில் கண் பழகிவிட்டால் நாலு பலகைகளையும் நிதானமாகப் பார்க்கலாம்: பூமிதேவியைத் தூக்கிய வராகம், யானைகள் நீராட்டும் திருமகள், கொற்றவை, உலகளந்த பெருமாள். வெயில் அடிக்கும் வெளிச்சம் வேண்டுமென்றால் மாலை நாலு மணிக்கு மேல் திரும்ப வர வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் செய்ய நினைப்பவர்கள் மதியம் கடற்கரையில் உட்கார்ந்திருக்கலாம். அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து.

வராக மண்டபத்துக்கு மேலே குன்றின் முதுகு. இராயர் கோபுரம் என்ற பாதியில் நின்ற கோபுர அடித்தளம் அங்கே இருக்கிறது. விசயநகரக் காலத்து வேலை. இங்கே குகை குடைந்த பல்லவருக்கும் இதற்கும் நடுவே ஏழெட்டு நூறு வருடம். ஒரே குன்றில், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்கள், எல்லாரும் பாதியில் விட்டுப் போயிருக்கிறார்கள். இன்னும் தெற்கே பாறையை மேடையாகச் செதுக்கி, தலைமாட்டில் படுத்த சிங்கத்தோடு ஒரு ஆசனம். தருமராஜா சிம்மாசனம் என்று பெயர். சுற்றிலும் பாறையில் படிக்கட்டும், தூண் நிறுத்த வெட்டிய குழிகளும் தெரியும். செங்கல் கட்டடமும் இங்கே இருந்திருக்கிறது. செங்கலும் மரமும் போய்விட்டன, குழி நிற்கிறது. சுற்றிப் பார்க்கிறவர்கள் அந்தக் குழிகளில் தண்ணீர் பாட்டிலைச் செருகிவிட்டுப் போகிறார்கள், அதற்கென்றே வெட்டியது போல!

வேலை எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டுமென்றால் மேற்குச் சரிவில் இறங்கிக் கோனேரிப் பள்ளம் பக்கம் போங்கள். கோனேரி மண்டபமும் அதன் அருகே புலிப்புடவு மண்டபமும் இருக்கின்றன. புலிப்புடவில் கல்லுளி வைத்த இடம் நேற்று விட்டது போல இருக்கும். அவர்கள் பாறையைக் கண்டபடி கொத்தவில்லை. முகப்பைச் சமன் செய்து, சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டு, கட்டத்தின் நாலு பக்கமும் பள்ளம் வெட்டினார்கள். நடுவில் துண்டு போல எழுந்து நிற்கும் கல்லை அடித்துப் பெயர்த்தார்கள். பெயர்ந்த தளத்தில் மறுபடி கட்டம், மறுபடி பள்ளம். இப்படி அடுக்கு அடுக்காக உள்ளே போனார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கட்டம் என்று பிரித்துக் கொடுக்க இது வசதி. ஒருவர் அதிகம் வெட்டி மலை பிளந்துபோகும் ஆபத்தும் குறைவு. தூண் வர வேண்டிய இடத்தைத் தொடாமல் தடித்த கட்டையாக விட்டுவிடுவார்கள். கூரை முதலில், தரை கடைசியில். தரையிலிருந்து தொடங்கினால் சாரமே கட்ட வேண்டியிருக்கும், மேலிருந்து இறங்கினால் நிற்கிற பாறையே சாரம். ஊருக்கு மேற்கே பிடாரி ரதம், வலையன்குட்டை ரதம் என்று சின்ன ரதங்கள் இருக்கின்றன. அவற்றின் உச்சி முடிந்திருக்கும், கால் இன்னும் பாறையாகவே இருக்கும். இதே சட்டம்தான்.

வரிசையாகத் தையல் போட்டது போலச் சின்னச் சின்னச் சதுரக் குழிகளும் குன்றெங்கும் கண்ணில் படும். அவை ஆப்புக் குழிகள். ஒரே கோட்டில் குழி வெட்டி, ஆப்பு இறக்கி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால் கோட்டின் நீளத்துக்குப் பாறை பிளக்கும். பாதியில் நின்ற கோடும் இருக்கும், பிளந்து எடுத்தபின் ஓரத்தில் அரைக்குழிகள் மட்டும் பல்வரிசை போல நிற்பதும் இருக்கும். சிற்பத்தைக் கட்டம் போட்டு வெட்டினார்கள், கட்டடக் கல்லை ஆப்பு வைத்துப் பிளந்தார்கள். இந்த இரண்டு தடத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குன்றை நீங்களே படித்துவிடலாம், வழிகாட்டிக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

இப்போது தெற்கே, கலங்கரை விளக்கம் நிற்கும் உச்சிக்கு. அங்கேதான் மகிஷாசுரமர்த்தினி குகை. வாசலில் நின்று மேற்கே பார்த்தால் வலது கைப் பக்கம் துர்க்கை, இடது கைப் பக்கம் அனந்தசயனப் பெருமாள், எதிரே கருவறையில் சோமாஸ்கந்தர், அதாவது உமையோடும் குழந்தை முருகனோடும் இருக்கும் சிவன். கூட்டமாக வருகிறவர்கள் நடுவில் நின்று மூன்றையும் போனில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் துர்க்கைப் பலகைக்கு எதிரே குறைந்தது பத்து நிமிடம் நில்லுங்கள். எட்டுக் கையோடு சிங்கத்தின் மேல் இருந்து வில்லை இழுக்கிறாள். எதிரே எருமைத் தலையன், கையில் தடி. அவன் இன்னும் தோற்கவில்லை, ஆனால் உடம்பு தோற்றுவிட்டது. எடை முழுவதும் பின்காலுக்குப் போய், இடுப்பு மட்டும் பின்னால் சாய்கிறது. அவன் தலைக்கு மேல் பிடித்த குடை இன்னும் நிற்கிறது, படை மட்டும் சரிகிறது. துர்க்கையின் பக்கம் இருக்கும் குள்ளப் பூதகணங்கள் எல்லாம் முன்னால் பாய்கின்றன. ஒரு பக்கம் முழுக்க முன்சாய்வு, மறுபக்கம் முழுக்கப் பின்சாய்வு. சண்டை யார் பக்கம் போகிறது என்று முகத்தைப் பார்க்காமலே தெரிந்துவிடும். திரும்பி எதிர்ச்சுவரைப் பார்த்தால் பெருமாள் அசையாமல் தூங்குகிறார். காலடியில் மதுவும் கைடபனும் தடியோடு எதையோ கூடிப் பேசுகிறார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. எதிரும் புதிருமாக இந்த இரண்டையும் வைத்தவன் பெரிய ஆள்.

வெளிச்சம் பற்றி ஒரு குறிப்பு. துர்க்கை இருப்பது வடசுவர், அதாவது தெற்கு பார்த்த பலகை. மார்கழி, தையில் சூரியன் கிழக்கிலிருந்து இருபத்துச் சொச்சம் பாகை தெற்கே தள்ளி எழும். அப்போது காலை வெளிச்சம் சாய்வாக வடசுவர்ப் பக்கம் போகும். ஆனி, ஆடியில் சூரியன் அதே அளவு வடக்கே தள்ளி எழுவதால் பெருமாள் பக்கம் சாயும். துர்க்கைக்காகப் போகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் போவது நல்லது. வெக்கையும் அப்போது குறைவு. காணும் பொங்கலை மட்டும் விட்டுவிடுங்கள். அன்றைக்குக் குன்றில் மனிதத் தலையைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினத்தில் டிக்கெட் இல்லை என்பதால் அன்றும் அதே கதைதான்.

குகைக்கு நேர் மேலே, அதன் தலையில் ஏற்றி வைத்தது போல ஒலக்கண்ணேஸ்வரர் கோயில். குகை பல்லவ மன்னன் மாமல்லன் காலம், ஏழாம் நூற்றாண்டு. மேலே உள்ளது அவனுக்குப் பின் வந்த பல்லவன் ராஜசிம்மன் காலம், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். கீழே குடைந்தது, மேலே கல் அடுக்கிக் கட்டியது. ஒரே செங்குத்தில் இரண்டு தொழில்நுட்பமும் தெரிவது இங்கே இருக்கும் வசதி. விமானத்தின் மேல்பகுதி இப்போது இல்லை. மேலே போக, பாறையில் குதிகால் மட்டுமே பதியும் அளவுக்குச் சின்னச் சின்னப் படிகள் வெட்டியிருக்கிறார்கள். ஏறுவது சுலபம், இறங்கும்போதுதான் பலரும் உட்கார்ந்துவிடுகிறார்கள். முகம் பாறையைப் பார்த்திருக்க, ஏணியில் இறங்குவது போலப் பின்னோக்கி இறங்குங்கள். புடவை, வேட்டியை முழங்காலுக்கு ஏற்றிக் கட்டிக்கொள்வது நல்லது. தோள்பையை முதுகுக்குத் தள்ளுங்கள், முன்னால் தொங்கினால் படி தெரியாது. சில நாட்களில் இந்தப் படியை அடைத்தும் வைப்பார்கள். அப்படியிருந்தால் பக்கத்துப் பாறைமேட்டிலேயே அதே காட்சி கிடைக்கும், காவலரிடம் வாதாட வேண்டாம்.

கோயில் பெயருக்கு ஊரில் சொல்லும் விளக்கம் இது: உழக்கு எண்ணெய் ஈஸ்வரர். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நாலு உழக்கு ஒரு படி. விளக்கெரிக்க உழக்குக் கணக்கில் எண்ணெய் கொடுத்ததால் வந்த பெயர் என்பார்கள். பெயர்க்காரணம் எதுவாக இருந்தாலும் விளக்கு உண்மை. பின்னாளில், இப்போதுள்ள வட்டமான கல் கோபுரம் எழும் வரைக்கும், இந்தக் கோயிலின் கூரைதான் கலங்கரை விளக்கமாக இருந்தது. முதலில் சொன்ன கணக்கை இங்கே நின்று போட்டுப் பாருங்கள். கரையில் வைத்த விளக்கு நாலைந்து கிலோமீட்டரில் மறைந்துவிடும். இதே விளக்கு இந்த உயரத்தில் எரிந்தால் பதினெட்டு, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் தோணியில் இருப்பவனுக்கும் தெரியும். அவனும் பாய்மரத்தில் ஏறிப் பார்த்தால் இன்னும் கூடும். நிதியும் யானையும் நவமணியும் சுமந்து, பாரம் தாங்காமல் சாய்ந்து கலங்கள் திரியும் ஊர் என்று திருமங்கையாழ்வார் கடல்மல்லையைப் பாடினார். அந்தக் கலங்களுக்குப் பகலில் இந்தக் குன்றே அடையாளமாக இருந்திருக்கும். காசிமேட்டு மீனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கரையில் இருக்கும் ஒரு கோபுரத்தையும் அதற்குப் பின்னால் இருக்கும் இன்னொரு உயரத்தையும் நேர்கோட்டில் வைத்து, தான் எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் அவர்கள்.

மேலே நின்று என்ன தெரியும்? கிழக்கே ஊர்க் கூரைகள், தலசயனப் பெருமாள் கோயில், மரங்களுக்கு நடுவே கடற்கரைக் கோயிலின் இரண்டு விமானங்கள், அப்புறம் வங்கக்கடல். கடற்கரைக் கோயிலைச் சுற்றிப் போட்ட பாறைச் சுவரைக் கவனியுங்கள். திருவொற்றியூரில் கொட்டியிருக்கும் அதே மருந்துதான், அதே நோய்க்கு. மேற்கே பக்கிங்காம் கால்வாய் நேர்கோடாகப் போகிறது. பேசின் பாலத்தடியில் கறுப்பாகப் பார்த்த அதே கால்வாய். இங்கே அதில் வானம் தெரியும். தெற்கே சவுக்குத் தோப்பும் ஐந்து ரதம் இருக்கும் பக்கமும். 2004 சுனாமியில் கடல் உள்வாங்கியபோது வெளிப்பட்ட பாறைகளும், பிறகு வடக்கே சாளுவன்குப்பத்தில் மணலுக்கடியிலிருந்து தொல்லியல் துறை தோண்டியெடுத்த செங்கல் முருகன் கோயிலும் இந்தக் கரையோரக் கதையின் மறுபாதி. குன்றை முடித்துவிட்டு நேரமிருந்தால் சாளுவன்குப்பம் போய்விட்டு வாருங்கள். புலிக்குகையும் அங்கேதான், திரும்பும் வழியிலேயே வரும்.

கலங்கரை விளக்கத்துக்குத் தனி டிக்கெட், சின்னத் தொகைதான். காலை பத்துக்கு முன் திறக்க மாட்டார்கள், மதியம் சாப்பாட்டு நேரத்தில் மூடுவார்கள். உள்ளே சுழல் படி குறுகல். உச்சியில் செங்குத்தான ஏணி, குனிந்து நுழையும் வாசல். முழங்கால் வலி, தலைச்சுற்றல் உள்ளவர்கள் ஏற வேண்டாம். மேலே ஏறியவர் இறங்கும் வரை கீழே நிற்க வேண்டிவரும் என்பதால் கூட்ட நாளில் அரைமணி போய்விடும். ஒலக்கண்ணேஸ்வரர் பாறையில் நின்றவர்களுக்கு அது கட்டாயம் இல்லை. அந்த அரைமணியை அர்ச்சுனன் தபசுக்குக் கொடுங்கள். இறங்கி வந்தால் மணி ஒன்பதரை, பத்து. வெயில் சரியாகச் சரிந்திருக்கும். சுமார் 29 மீட்டர் அகலம், 13 மீட்டர் உயரம். நடுவில் பாறையின் இயற்கைப் பிளவு, அதில் நாகர்கள். பிளவுக்கு மேலே தண்ணீர் தேக்கிவிட இடம் வைத்திருந்ததற்கான தடம் இருக்கிறது. பூனை ஒன்று முன்னங்காலைத் தூக்கித் தவம் செய்வதையும், எலிகள் அதைக் கும்பிடுவதையும் பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். யானைக்குக் கீழே பார்க்கச் சொன்னால் போதும். இதே கிழக்குச் சரிவில் தெற்கே நடந்தால், இதே காட்சியைத் தொடங்கிப் பாதியில் விட்ட இன்னொரு பாறையும் இருக்கிறது. அதற்கு எதிரே யாரும் நிற்க மாட்டார்கள். முடித்ததைப் பார்த்த கையோடு அதையும் பார்த்துவிடுங்கள்.

எடுத்துப் போக வேண்டியது கொஞ்சம்தான். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், வெயில் காலத்தில் ஒன்றரை. குன்றின் மேல் கடை கிடையாது. தொப்பி. பிடிமானம் உள்ள அடி கொண்ட செருப்பு அல்லது ஷூ. வெறுங்காலோடு ஏறும் பக்தி இங்கே வேண்டாம், பதினொரு மணிப் பாறை தோசைக்கல். சாப்பாட்டைக் கையில் தெரியும்படி வைக்காதீர்கள். குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பையின் சரசரப்பு போதும். பொட்டலத்தைப் பைக்குள் போட்டு ஜிப் இழுத்துவிட வேண்டும், பறித்தால் திரும்ப இழுக்கக் கூடாது. மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், பாறையில் தண்ணீர் வழிந்த கறுப்புக் கோடுகளை மிதிக்காதீர்கள். அது பாசி. காய்ந்தது போலத் தெரிந்தாலும் வழுக்கும். வெளிறிய பாறையில் கால் வைத்துப் போங்கள். சித்திரை, வைகாசியில் கடல்காற்று சில நாள் மதியம் வரை வராது. மேற்கிலிருந்து மேல்காற்று வலுவாக அடித்துக்கொண்டிருந்தால், கிழக்கிலிருந்து வரும் கொண்டல் உள்ளே நுழைய முடியாமல் நிற்கும். அந்த நாட்களில் பத்துக்குள் இறங்கிவிட வேண்டும். இடிச் சத்தம் கேட்டால் உச்சியில் நிற்காதீர்கள்.

மொத்தம் இரண்டரை மூன்று மணி நேரம். முதியவர்களோடு போனால் மேலே ஏறாமல் கணேச ரதம், வராக மண்டபம், அர்ச்சுனன் தபசு என்று அடிவாரத்தோடு முடித்துக்கொள்ளலாம். படி ஏறாத நடை அது. வழியில் சிற்பக் கடைகளில் உளிச் சத்தம் கேட்கும். இந்த ஊரில் அரசுச் சிற்பக் கல்லூரி 1957-லிருந்து இருக்கிறது. ஒரு பட்டறையில் ஐந்து நிமிடம் நின்று, உளி பிடிக்கும் சாய்வைப் பார்த்துவிட்டுப் போனால் புலிப்புடவுச் சுவரில் பார்த்த கோடுகள் எந்தக் கைப்பழக்கத்தில் வந்தவை என்று தெரிந்துவிடும். வேலை நடக்கும்போது கண்ணில் சில்லு தெறிக்கும், இரண்டு அடி தள்ளி நில்லுங்கள்.

திரும்பும் பேருந்தில் வலது பக்க ஜன்னல் பிடியுங்கள். வடக்கே போகும் வண்டியில் கிழக்கு வலது கைப் பக்கம். மதியத்துக்கு மேல் வெயில் இடது பக்கம்தான் அடிக்கும். கடலும் நிழலும் ஒரே பக்கம். காலையில் வரும்போது இது தலைகீழ். கடல் இடது பக்கம், வெயிலும் அதே பக்கம். போகும்போது எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.